வில்லாளி அறியவேண்டிய சொற்கள்

வில்வித்தை கற்க முதன்முதலாக மைதானத்துக்கு வருகிறவருக்கு, கையில் வில் வந்து சேர்வதற்கு முன்பாகவே காதில் சொற்கள் வந்து விழத் தொடங்கிவிடுகின்றன. “லிம்ப் சரியாகப் பூட்டியிருக்கிறதா பார்”, “ஆங்கர் நழுவுகிறது”, “இந்த எண்டில் ஒன்றுகூட மஞ்சளில் இல்லையே” என்று ஆசிரியரும் மூத்த மாணவர்களும் பேசிக்கொள்வதைக் கேட்டு, அவற்றின் பொருளை விசாரிக்கக் கூச்சப்பட்டு, எல்லாம் விளங்கியவர்போல் தலையசைத்துவிட்டுப் போகிறவரே பெரும்பாலோர். இந்தக் கூச்சம் மிகவும் நஷ்டம் தருவது. ஏனெனில், நாணை முற்றும் இழுத்து நிற்கிற அந்தச் சில விநாடிகளில் ஆசிரியர் விரிவுரை செய்ய இயலாது. ஒரே ஒரு சொல்லால்தான் அவர் பிழையைச் சுட்டிக்காட்ட முடியும். அந்தச் சொல்லின் பொருள் மாணவருக்கு உடம்பிலேயே ஊறியிருந்தாலன்றி, அந்தத் திருத்தம் காற்றோடு போய்விடும். ஆதலின், சென்ற அத்தியாயத்தில் இக்கலையின் வரலாற்றைச் சுருக்கமாகக் கண்ட நாம், அப்பியாசத்தில் இறங்குமுன் அதன் சொற்களைச் சற்று நின்று பார்ப்பது அவசியம்.

வில்லைக் குறிக்கச் சிலை என்றும் தனுசு என்றும், அம்பைக் குறிக்கக் கணை, பாணம், சரம் என்றும், அம்புகளை இட்டுவைக்கும் கூட்டைக் குறிக்கத் தூணி, ஆவநாழி என்றும் பல பெயர்களை வழங்கிவந்த மொழி நம்முடையது. அம்பறாத்தூணி என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால், அம்பு என்றும் அற்றுப்போகாத தூணி என்று ஒரு வீரனின் ஆசையே அதில் பொதிந்திருப்பது தெரியும். ஆயினும், இன்று நாம் கையில் எடுக்கும் வில் அந்தப் பழைய வில் அன்று. அதன் உறுப்புகளில் பல நம் முன்னோர் கண்டிராதவை. ஆகவே இந்நூலில் நான் கைக்கொண்டுள்ள முறை இது: தமிழ்ச் சொல் உயிரோடு இருக்கும் இடத்தில் அதனையே ஆள்வேன்; மைதானத்திலும் கடையிலும் ஆங்கிலப் பெயரே வழங்கும் இடத்தில் அதனைத் தமிழெழுத்தில் எழுதிப் பொருள் சொல்வேன். புதிதாக ஒரு தமிழ்ப் பெயரைப் புனைந்து கற்பித்து, அதைச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்கும் மாணவர் வெறுங்கையோடு திரும்புமாறு செய்வது வழிகாட்டியின் வேலையாகாது.

முதலில் வில். நம் நாட்டுப் பயிற்சிக் களங்களில் மூவகை வில்களைக் காணலாம். மூங்கிலால் ஆன எளிய வில் ஒன்று. ‘இந்தியன் ரவுண்டு’ என்ற பெயரில் தேசியப் போட்டிகளிலும் அதற்கு இடமுண்டு. 30 மீட்டர், 50 மீட்டர் தூரங்களுக்கு எய்கிறார்கள். 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் பங்குகொண்ட லிம்பா ராம், ராஜஸ்தானத்துப் பழங்குடிச் சிறுவராக மூங்கில் வில்லோடு வளர்ந்தவரே. இரண்டாவது, ‘ரீகர்வ்’ வில். நாண் பூட்டாமல் வைத்திருக்கும்போது அதன் இரு நுனிகளும் எய்பவருக்கு அப்பால், எதிர்ப்புறமாக வளைந்து நிற்கும்; வளைவுக்கு மேல் மறுவளைவு உடைமையால் அப்பெயர் பெற்றது. 1972ஆம் ஆண்டு மியூனிக்கில் வில்வித்தை மீண்டும் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது முதல் அங்கே ஆளப்பட்டு வருவது இவ்வகை வில்லே. மூன்றாவது, ‘காம்பவுண்டு’ வில். அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1969இல் காப்புரிமை பெற்ற இந்த வில்லின் இரு முனைகளிலும் ‘கேம்’ எனப்படும் சக்கரங்கள் சுழல்கின்றன. அச்சக்கரங்கள் திரும்பி முடிந்த கணத்தில், கையில் தாங்கவேண்டிய பாரம் திடீரெனக் குறைந்துவிடும். அந்தக் குறைவுக்கு ‘லெட் ஆஃப்’ என்று பெயர். 60 பவுண்டு வில்லில் லெட் ஆஃப் நூற்றுக்கு 75 என்றால், முற்றும் இழுத்த நிலையில் விரல்கள் தாங்குவது 15 பவுண்டே. 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டு கலப்பு அணிப் போட்டியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. தொடக்க மாணவர் பெரும்பாலும் ரீகர்வ் வில்லையே எடுப்பர் என்பதால், இனிச் சொல்வனவெல்லாம் அதனை மனத்தில் வைத்தே.

அந்த வில் மூன்று துண்டுகளாகக் கழன்று வரும். கையால் பற்றும் நடுப்பகுதி ‘ரைசர்’. அதன் மேலும் கீழும் பூட்டப்படும் வளையும் தகடுகள் ‘லிம்ப்’. லிம்ப் என்றால் அவயவம் என்று பொருள். வளைந்து நிமிர்ந்து வேலை செய்யும் உறுப்பு அதுவாகையால் பெயர் பொருத்தமானதே. லிம்பின் நுனியில் நாணின் கண்ணியை மாட்டும் வெட்டுக்கு நம் பழைய சொல் ஒன்றுண்டு, அது குதை. ரைசரின் பக்கவாட்டில் அம்பு படுத்திருக்கும் சிறு தாங்கியை ‘ரெஸ்ட்’ என்பார்கள். இவற்றுக்கு மேல் ‘சைட்’ என்ற குறிபார்க்கும் கருவியும், வில்லின் அதிர்வை அடக்க முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் ‘ஸ்டெபிலைசர்’ என்ற தண்டும் உண்டு. இவை இரண்டும் முதல் சில மாதங்களுக்குத் தேவையில்லை. பெயர் தெரிந்திருந்தால் போதும்.

நாணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அதன் நடுவில் விரல்படும் இடம் தேயாதிருக்க நூலால் இறுகச் சுற்றியிருப்பார்கள், அச்சுற்று ‘சர்விங்’. அச்சுற்றின்மேல், அம்பு எப்போதும் ஒரே இடத்தில் வந்து அமர்வதற்காகப் பித்தளை வளையத்தாலோ நூல் முடிச்சாலோ இடப்பட்ட அடையாளம் ‘நாக்கிங் பாயிண்ட்’. அம்பு ஒரு நாள் அரை அங்குலம் மேலும் மறுநாள் கீழுமாக அமர்ந்தால், எய்பவர் எத்தனை நேர்த்தியாக நின்றாலும் கணைகள் மேலும் கீழுமாகவே போய்த் தைக்கும். நாண் பூட்டிய வில்லில், கைப்பிடியின் மிகக் குழிந்த இடத்துக்கும் நாணுக்கும் இடைப்பட்ட தூரம் ‘பிரேஸ் ஹைட்’. கட்டைவிரலை மேல்நோக்கி நீட்டிய முட்டியைக் கைப்பிடியின்மேல் வைத்து, விரல்நுனி நாணைத் தொடுகிறதா என்று பார்ப்பது ஆங்கிலேய வில்லாளிகளின் பழைய அளவு. இக்கால ரீகர்வ் வில்லுக்கு ஏறத்தாழ 8 முதல் 9½ அங்குலம் வரை, வில்லின் நீளத்துக்கு ஏற்ப, செய்தவர் குறித்திருப்பார். நாணைக் கழற்றி இன்னும் சில முறுக்குகள் ஏற்றினால் அது குறுகி இத்தூரம் கூடும். முறுக்கைத் தளர்த்தினால் குறையும். அன்றாடம் அளந்து ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் மாணவரை நான் மிகவும் மதிக்கிறேன். நாண் ஏற்றும்போது ‘ஸ்ட்ரிங்கர்’ என்ற கயிற்றை உபயோகிப்பதும் இன்றியமையாதது. காலுக்கிடையில் வைத்து வில்லை வளைத்தால் லிம்ப் முறுகிப்போகும்.

இனி, இந்த அத்தியாயத்திலேயே மிக முக்கியமான சொல்லுக்கு வருகிறேன். அது ‘டிரா வெயிட்’, அதாவது இழுவிசை. கீழ் லிம்பின் உட்புறத்தில் 68 என்றும் 24 என்றும் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் வில்லின் நீளம், அங்குலத்தில். இரண்டாவது, நாணை 28 அங்குலம் இழுத்து நிறுத்தும்போது விரல்களில் ஏறும் பாரம், பவுண்டில். நம் தாத்தாமார் இராத்தல் என்று சொன்ன அதே அளவு. அது வில்லைத் தராசில் வைத்து நிறுத்த எடை அன்று. நான் கற்கத் தொடங்கிய காலத்தில் இந்த வேற்றுமையை அறியாமல், விற்றவரும் எடுத்துச் சொல்லாமல், 36 பவுண்டு வில் ஒன்றை வாங்கிவந்தேன். இளமையின் வேகத்தில் அதை இழுக்கவும் செய்தேன். ஆனால் இழுப்பது வேறு, இழுத்து அசையாமல் நிற்பது வேறு என்பதைத் தோள்பட்டையின் வலி மூன்று மாத காலம் எனக்குப் போதித்தது; அதைவிடப் பெரிய தீங்கு, பாரம் தாங்காமல் உடலை வளைத்து இழுக்கும் துர்ப்பழக்கம் படிந்து, அதை நீக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. வயதுவந்தவர் 18 முதல் 24 பவுண்டுக்குள்ளும், சிறுவர் அதனினும் குறைவாகவும் தொடங்குவது நன்று. இதில் வீரம் பேச இடமில்லை.

இழுவிசையோடு இணைந்தது ‘டிரா லெங்த்’, இழுநீளம். இரு கைகளையும் பக்கவாட்டில் நன்றாக விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்றொன்றின் நுனிவரை அளந்து, அந்த அளவை இரண்டரையால் வகுத்தால் வருவது ஏறக்குறைய உங்கள் இழுநீளம். 65 அங்குலம் விரிப்புடையவருக்கு அது 26 அங்குலம். அவர் 24 பவுண்டு வில்லை எடுத்தாலும், 28 அங்குலம் வரை இழுப்பதில்லை ஆகையால், ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ இரண்டு பவுண்டு குறைந்து, அவர் விரலில் ஏறுவது 20 பவுண்டளவே. லிம்பில் எழுதியிருப்பது வில்லின் எண். விரலில் ஏறுவது உங்கள் எண். இரண்டையும் ஆசிரியரிடம் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும்.

வலக்கை வில், இடக்கை வில் என்ற சொற்களும் பலரை மயக்குகின்றன. வலக்கை வில் என்பது இடக்கையில் ஏந்துவது. நாணை இழுக்கும் கையைக் கொண்டே பெயர் வைத்திருக்கிறார்கள். இடக்கையாலும் நாணை இழுத்து எய்ய வல்லவன் என்பதால் அருச்சுனனுக்குச் சவ்யசாசி என்று பெயர் வந்ததை நினைவில் வைத்தால் இந்த மயக்கம் வராது. எந்தக் கை என்பதை நிச்சயிப்பது கைப்பழக்கத்தைவிடக் கண்ணே. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துவாரம் அமைத்து, அதன் வழியே தூரத்து மரத்தைப் பார்த்தபடி கைகளை மெல்ல முகத்தருகே கொண்டுவந்தால், துவாரம் எந்தக் கண்ணிடம் வந்து சேர்கிறதோ அதுவே ஆளும் கண். அந்தக் கண்ணின் பக்கத்துக் கையாலேயே நாணை இழுப்பது உத்தமம்.

அம்பின் உறுப்புகள் நான்கே. உடல் ‘ஷாஃப்ட்’, தைக்கும் தலை முனை, பின்னால் நாணைக் கவ்வும் பிளவுடைய சிறு துண்டு ‘நாக்’, அதன் முன்னே ஒட்டியிருக்கும் இறகுகள். இறகுகள் பறவையினுடையவாகவும் இருக்கலாம், ‘வேன்’ எனப்படும் பிளாஸ்டிக் இதழ்களாகவும் இருக்கலாம். மூன்றில் ஒன்று வேறு நிறத்தில் இருக்கும். அது ‘இண்டெக்ஸ்’ இறகு. ரீகர்வ் வில்லில் அம்பைத் தொடுக்கும்போது அந்த இறகு வில்லுக்கு எதிர்ப்புறம் நோக்கியிருக்கவேண்டும். இல்லையேல் மற்ற இறகுகள் வில்லில் உராய்ந்து போக்கைக் கெடுக்கும். தொடக்க மாணவரின் அம்பு, அவருடைய இழுநீளத்துக்கு மேல் இரண்டு அங்குலமாவது நீண்டிருப்பது பத்திரம். குறுகிய அம்பின் முனை ரெஸ்டிலிருந்து பின்னால் நழுவி விழுந்தால், அடுத்த கணம் அது போய்த் தைப்பது வில்லேந்திய கையில்.

‘ஸ்பைன்’ என்பது அம்பு எவ்வளவு வளையும், எவ்வளவு விறைக்கும் என்பதன் அளவு. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் அம்பைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால், அது அரை அங்குலம் தொய்ந்தால் அதன் ஸ்பைன் 500. ஓர் அங்குலம் தொய்ந்தால் 1000. ஆகவே எண் பெரிதாகப் பெரிதாக அம்பு இளகியது. சிறிதாகச் சிறிதாக விறைப்பானது. பெரிய எண் என்றால் பலமானது என்று எண்ணி வாங்கி ஏமாறுகிறவர் பலர். அம்பு வளையவே கூடாது என்று எண்ணுவதும் பிழை. வில்லின் தண்டு நாணுக்கு நேர் எதிரே குறுக்கிடுவதால், தொடுத்த அம்பு இலக்குக்குச் சற்றுப் பக்கவாட்டாகவே நோக்கியிருக்கிறது. ஆயினும் விட்டவுடன் அது நேரே போய் இலக்கில் தைக்கிறது. இந்த வியப்புக்கு அமெரிக்கரான ராபர்ட் எல்மர் ‘வில்லாளியின் முரண்’ என்னும் பொருள்பட ஒரு பெயரிட்டார். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற விஞ்ஞானி அதிவேகப் படப்பிடிப்பால் இதன் காரணத்தைக் கண்ணுக்குக் காட்டினார்: விடுபட்ட அம்பு, நீரில் நீந்தும் மீனைப்போல் இருபுறமும் நெளிந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறி, பிறகே நேராகிறது. அந்த நெளிவு வில்லின் விசைக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காகத்தான் ஸ்பைனைப் பார்த்து அம்பை வாங்குகிறோம்.

எய்பவர் அணியும் சாதனங்களுக்கு நம் காவியங்களிலேயே பெயர் உண்டு. முன்கையில் நாண் அடிக்காதபடி கட்டும் தோலுறை கோதை. வடமொழியில் கோதா என்றால் உடும்பு. உடும்புத் தோலால் செய்ததால் வந்த பெயர். விரலில் அணிவது புட்டில். இன்று முன்னதை ‘ஆர்ம் கார்டு’ என்றும், விரல்களுக்கான தோல்துண்டை ‘டேப்’ என்றும் சொல்கிறோம். பொருள் மாறவில்லை, அணியாமல் எய்தால் வரும் கன்றிய தழும்பும் மாறவில்லை.

இனிச் செயல்களின் பெயர்கள். நாண் ஏற்றுதல், அம்பைத் தொடுத்தல், நாணை வாங்குதல், எய்தல் என்ற நான்கு வினைகளும் தமிழில் வெவ்வேறானவை. செய்தித்தாள்களில் கேள்விக்கணை தொடுத்தார் என்று படித்துப் படித்து, தொடுத்தலும் எய்தலும் ஒன்றென்றே நாம் எண்ணப் பழகிவிட்டோம். பூவை நாரில் தொடுப்பதுபோல் அம்பை நாணில் பொருத்துவது மட்டுமே தொடுத்தல். எய்வது அதன்பின் நெடுநேரம் கழித்து வருவது. நிற்கும் நிலைக்கு ‘ஸ்டான்ஸ்’ என்று பெயர். ஆலீடம், பிரத்தியாலீடம், மண்டலம், பைசாசம் என்று நம் பழைய நூல்கள் வகுத்தவை போர்க்கள நிலைகள். நமக்கு வேண்டியது, எய்கோட்டின் இருபுறமும் தோளகலத்தில் கால்களை ஊன்றி, இலக்குக்குப் பக்கவாட்டாக நிற்கும் எளிய நிலை.

நாணைப் பற்றுவதில், அம்புக்கு மேல் ஒரு விரலும் கீழ் இரண்டு விரல்களுமாக மூன்று விரல்களால் பற்றுவதே இன்று பெருவழக்கு. கட்டைவிரலுக்கு இதில் வேலையே இல்லை. மங்கோலியர் முதலிய ஆசிய வில்லாளிகளோ கட்டைவிரலில் வளையம் அணிந்து, அவ்விரலாலேயே நாணைக் கொக்கிபோல் வளைத்து இழுத்தனர். இந்த இரண்டாவது முறையை நினைத்தால்தான், ஏகலைவனிடம் துரோணர் கேட்ட குருதட்சிணையின் கொடுமை முழுதும் விளங்கும். மிஞ்சிய விரல்களால் அவன் எய்தபோது முன்னிருந்த வேகம் இல்லை என்று மகாபாரதம் சொல்வதை நான் ஒவ்வொரு முறையும் மனவருத்தத்தோடே நினைக்கிறேன்.

இழுத்த கை முகத்தில் வந்து ஊன்றும் இடம் ‘ஆங்கர்’. ஆங்கர் என்றால் நங்கூரம். அலையும் கப்பலை நங்கூரம் நிறுத்துவதுபோல், கை மோவாயின் கீழ் ஒரே எலும்பில், நாண் மூக்கு நுனியிலும் உதட்டிலும் ஒரே புள்ளியில் வந்து படவேண்டும். அது கால் அங்குலம் மாறினால், தூரத்தில் பல விரற்கடை மாறும். பிறகு வருவது ‘ரிலீஸ்’: விரல்களைத் திறந்து விடுவதன்று, முதுகுத் தசைகளின் இழுப்பு தொடர்ந்திருக்க, விரல்கள் தளர்ந்து நாண் தானே நழுவிப் போவது. அம்பு தைக்கும் ஓசை கேட்கும்வரை அதே நிலையில் நிற்பது ‘ஃபாலோ த்ரூ’. இச்சொற்கள் கையை அன்று, செயலைக் குறிப்பவை என்பதற்கு ஷீத்தல் தேவியைவிடச் சிறந்த சான்று இல்லை. ஜம்மு காஷ்மீரத்துக் கிஷ்த்வார் பகுதியில் கைகளின்றிப் பிறந்த அந்தப் பெண், காலால் வில்லை ஏந்தி, தோளால் நாணை இழுத்து, தாடையால் விடுவித்து, 2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் வெண்கலம் வென்றார். ஆங்கரும் ரிலீஸும் அவருக்கும் உண்டு.

இலக்குப் பலகைமேல் ஒட்டும் வண்ணத்தாள் ‘ஃபேஸ்’. நடுவிலிருந்து மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என ஐந்து நிறங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு வட்டங்கள். மஞ்சளின் உள்வட்டம் 10, வெள்ளையின் வெளிவட்டம் 1. ரீகர்வ் வில்லாளிகள் 70 மீட்டரிலிருந்து எய்யும் ஃபேஸின் குறுக்களவு 122 சென்டிமீட்டர். அதில் பத்து மதிப்பெண் வட்டம் 12.2 சென்டிமீட்டரே. கணை இரு வட்டங்களுக்கு இடைப்பட்ட கோட்டைத் தொட்டாலும் உயர்ந்த மதிப்பே சேரும். ஒரு முறை கோட்டில் நின்று எய்யும் மூன்று அல்லது ஆறு கணைகளின் தொகுதி ‘எண்ட்’. தரவரிசைச் சுற்றில் 72 கணைகள், மொத்தம் 720. எதிரெதிர் மோதும் ரீகர்வ் போட்டியில் மூன்று கணைகள் ஒரு ‘செட்’. வென்றவருக்கு இரண்டு புள்ளி, சமமானால் ஆளுக்கொன்று. முதலில் ஆறு புள்ளி சேர்த்தவர் வெற்றியாளர். மதிப்பெண் எழுதி முடியும்வரை அம்பையோ பலகையையோ தொடலாகாது. கணைகள் ஒன்றையொன்று நெருங்கித் தைத்திருப்பது ‘குரூப்’. நடுவில் ஒன்றும் வெளியில் ஐந்துமாகச் சிதறியதைவிட, மஞ்சளுக்கு வெளியே ஆறும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதே முதலாண்டு மாணவருக்கு நல்ல அறிகுறி.

மூன்று சொற்களை மட்டும் தவறவிடவே கூடாது. முதலாவது, ‘டிரை ஃபயர்’: அம்பின்றி நாணை இழுத்து விடுவது. அம்பு எடுத்துச் செல்லவேண்டிய விசை முழுதும் வில்லுக்குள்ளேயே திரும்பி லிம்பைப் பிளந்துவிடும், விளையாட்டாகவும் செய்யலாகாது. இரண்டாவது, ‘ஷூட்டிங் லைன்’, எய்கோடு: அதற்கு ஐந்து மீட்டராவது பின்னால் காத்திருக்கும் கோடு உண்டு, முறை வரும்வரை அங்கேயே நிற்கவேண்டும். மூன்றாவது, விசில். இரண்டு முறை ஊதினால் எய்கோட்டுக்கு வரவேண்டும். ஒரு முறை ஊதினால் எய்யத் தொடங்கலாம். மூன்று முறை ஊதினால் எய்வதை நிறுத்தி, அம்புகளை எடுக்கப் போகலாம். ஐந்தும் அதற்கு மேலுமாக விடாது ஊதினால் எங்கோ அபாயம் என்று பொருள். அதைக் கேட்ட கணமே, நாணை எவ்வளவு இழுத்திருந்தாலும் எய்யாமல் மெல்லத் தளர்த்தி, அம்பை நாணினின்று கழற்றித் தூணியில் இட்டுவிட்டுப் பின்வாங்குங்கள்.